வறட்சிக் காலம் என்று சொன்னாலும் மலையில் மழை நிற்பதில்லை: தென்மேற்குப் பருவக்காற்றும் வட மாநிலங்களும்

அலோர் ஸ்டார் – மே மாதம் பாதியைத் தாண்டினால் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதாக மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவிப்பது ஆண்டுதோறும் வழக்கம். செப்டம்பர் வரை நீடிக்கும் இந்தப் பருவத்தில் மழை குறையும், வெயில் கூடும், புகைமூட்டம் வரலாம் என்பதே அந்த அறிவிப்பின் சாரம். செய்திகளும் அதை 'வறட்சிக் காலம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. நாடு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும்போது அதில் பிழை இல்லை. கெடா, பெர்லிஸ், பினாங்கு, வட பேராக் மக்கள் அந்தச் சொல்லை அப்படியே நம்பினால்தான் சிக்கல்.

சிலாங்கூர், நெகிரி செம்பிலான், மலாக்கா மாநிலங்களுக்கு ஜூன், ஜூலை மாதங்கள் மழை குறைந்த மாதங்கள். தென்மேற்கிலிருந்து வரும் காற்று முதலில் சுமத்ராவின் நீண்ட மலைத்தொடரில் மோதி, அங்கேயே பெரும்பகுதி ஈரத்தைக் கொட்டிவிட்டு, மீதியோடுதான் மலாக்கா நீரிணையைக் கடந்து இங்கே வருகிறது. சுமத்ரா நமக்குக் குடை பிடிக்கிறது என்றே சொல்லலாம். ஆனால் அந்தத் தீவு ஆச்சேவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு வடக்கே இருப்பது திறந்த கடல். அந்தமான் கடல் வழியாக வரும் காற்று ஈரம் குறையாமல் லங்காவியையும் பெர்லிஸையும் கெடாவின் கரையையும் எட்டுகிறது.

எனவே கெடா சமவெளியின் உண்மையான வறட்சி ஜனவரியும் பிப்ரவரியும்தான். பால்மரங்கள் இலை உதிர்த்து நிற்பதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அலோர் ஸ்டாரில் ஜனவரியில் பெய்யும் மழையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஜூலையில் பெய்கிறது. ஆகஸ்டில் அது இன்னும் கூடி, செப்டம்பர், அக்டோபரில் உச்சத்தைத் தொடுகிறது. ஏப்ரல், மே மாதங்களின் மழையோடு ஒப்பிட்டால் ஜூன் மாதம் கொஞ்சம் ஓய்வு, அவ்வளவுதான்.

இந்தக் காற்றுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. சோழ மண்டலக் கரையிலிருந்து கடாரத்துக்குக் கப்பல்கள் வந்தது பருவக்காற்றைக் கணக்கிட்டுத்தான். கடலிலிருந்து பார்த்தால் முதலில் தெரியும் ஜெராய் மலையே மாலுமிகளுக்கு அடையாளம். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன. இந்தப் பருவத்தில் கெடாவில் நிகழ்ந்த மிக மோசமான விபத்துகளில் ஒன்றும் அதே மலையில்தான் நிகழ்ந்தது.

நான்கு தேதிகள்

1995 ஜூன் 30: கெந்திங் மலைச் சாலையில் மண்ணும் பாறையும் சரிந்து வந்து வாகனங்களை அடித்துச் சென்றதில் ஏறக்குறைய 20 பேர் மாண்டனர். 1996 ஆகஸ்ட் 29: கம்பார் அருகே போஸ் டிப்பாங்கில் மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் பூர்வகுடி கிராமத்தைப் புதைத்தது, பலியானோர் 44 பேர். 2021 ஆகஸ்ட் 18: ஜெராய் மலையில் பெய்த கனமழையால் யான் மாவட்டத்தில் பெருக்கெடுத்த நீர் 6 உயிர்களைக் கொண்டுபோனது. 2022 ஜூலை 4: பாலிங் மாவட்டம் கூப்பாங் பகுதியில், இனாஸ் மலைப் பக்கமிருந்து வந்த வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் சுமந்துகொண்டு கம்பங்களில் புகுந்தது. மூவர் இறந்தனர்.

நான்கும் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்கள். நான்கும் மலையடிவாரம்.

வெள்ளம் என்றால் நவம்பர், டிசம்பர், கிளந்தான், திரங்கானு என்றே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. அந்த வெள்ளம் நாள்கணக்கில் பெய்யும் மழையால் மெல்ல ஏறும். அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் மேலே தூக்கி வைக்க நேரம் கிடைக்கும். மலை வெள்ளம் அப்படியல்ல. மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் இந்தத் திடீர் நீர்ப்பெருக்கு நிமிடக் கணக்கில் வந்து போய்விடும்.

பகல் முழுதும் காய்ந்த வெயிலில் சமவெளியின் காற்று சூடாகி மேலே ஏறுகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மலை தடுத்து மேலே தள்ளுகிறது. பிற்பகலில் உச்சியில் கருமேகம் திரண்டு, ஒரே இடத்தில் ஓரிரு மணி நேரம் கொட்டித் தீர்க்கிறது. ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். கடற்கரையை ஒட்டித் தனியாக நிற்பது. இனாஸ் மலை 1,800 மீட்டரைத் தொடுவது. இரண்டிலும் ஓடைகள் குறுகலானவை, செங்குத்தானவை. சரிந்து விழும் மண்ணும் மரமும் பாறையும் ஓடையை அடைத்துக்கொண்டால் அதன் பின்னால் நீர் தேங்கி நிற்கும். அந்த அடைப்பு உடையும்போது வருவது வெறும் தண்ணீராக இருப்பதில்லை. மரக்கட்டைகளும் சேறும் கலந்த ஒரு சுவர்.

அந்த நேரத்தில் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். குளித்துக்கொண்டிருப்பவரின் தலையில் ஒரு துளி மழைகூட விழாமலே அவர் வெள்ளத்தில் சிக்கலாம். 'மழையே இல்லையே, எப்படி வெள்ளம் வரும்?' என்ற கேள்விதான் பலரையும் ஆற்றுக்குள்ளேயே நிறுத்தி வைக்கிறது.

பாலிங் சம்பவத்துக்குப் பிறகு, இனாஸ் மலையில் டுரியான் தோட்டத்துக்காகக் காடு அழிக்கப்பட்டதுதான் காரணமா என்ற விவாதம் பெரிதாக எழுந்தது. மழை இயற்கையானது என்றது ஒரு தரப்பு. வெட்டிய மரங்கள் வெள்ளத்தோடு வீடுகளுக்குள் வந்ததை எப்படி விளக்குவது என்றது இன்னொரு தரப்பு. மரம் நின்றாலும் கனமழை கனமழைதான், உண்மை. வேர் இல்லாத சரிவு மண்ணைப் பிடித்து வைக்காது, அதுவும் உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்க முடியாது.

விடுமுறையும் ஆடி மாதமும்

பருவம் தொடங்கும் நாளும் பள்ளி விடுமுறையும் அடுத்தடுத்து வருகின்றன. மே இறுதி, ஜூன் தொடக்கத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பட்டர்வொர்த் பகுதிக் குடும்பங்கள் குறைந்த செலவில் போய்வரக்கூடிய இடங்கள் யானில் தித்தி ஹாயுன், கூலிமில் செடிம், பாலிங்கில் லாத்தா பாயு போன்ற நீர்வீழ்ச்சிகளும் ஆற்றங்கரைகளும்தான். ஒரு வேன், ஒரு பானை பிரியாணி, பாய், பிள்ளைகள். நகரத்துப் பேரங்காடியில் ஒரு நாள் செலவழிக்கக் கட்டுப்படியாகாத குடும்பத்துக்கு இதுதான் விடுமுறை. போக வேண்டாம் என்று சொல்வது எளிது, நடைமுறைக்கு ஒத்துவராது.

நேரம் பார்த்துப் போகலாம். மலை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பெய்கிறது. யான், பாலிங் இரண்டிலும் நீர் வந்தது பிற்பகலுக்குப் பிறகுதான். காலையில் போய், சாப்பாட்டு நேரத்துக்குள் கரையேறிவிடுவது புத்திசாலித்தனம். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, நீர்மட்டம் காரணமில்லாமல் ஏறுவது அல்லது சட்டென்று இறங்குவது, மேலேயிருந்து லோரி வருவதுபோல் உறுமல் கேட்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பொருள்களை விட்டுவிட்டு உயரமான கரைக்கு ஏற வேண்டும். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக்கூடாது. நீர் ஓடுகிறவரை முந்திவிடும். மலை உச்சி மேகத்தில் மறைந்திருந்தால் அன்று நீரில் இறங்காமல் இருப்பதே சரி.

ஜூலை பாதியில் ஆடி பிறக்கிறது. தோட்டக் கோயில்களின் திருவிழாக் காலம். கரகம் ஜோடிக்க ஆற்றங்கரைக்குப் போவது பல கோயில்களில் இன்றும் வழக்கம். அதுவும் பெரும்பாலும் மாலையில். மலையடிவார ஆறுகளுக்கு அருகில் உள்ள கோயில் நிர்வாகங்கள் அன்றைய வானிலையைப் பார்க்க ஒருவரை நியமித்தால் போதும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆள் போடுகிற குழுவுக்கு இது பெரிய வேலையல்ல.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியில் இடிமழை எச்சரிக்கை சில மணி நேரத்துக்கு முன்பே வருகிறது. ஆற்று நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறையின் இணையப்பக்கம் காட்டுகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. எச்சரிக்கை மாவட்டப் பெயரோடு நின்றுவிடுகிறது. 'பாலிங், கூலிம், பண்டார் பாரு' என்று வாரத்தில் நான்கு நாள் வரும் செய்தியில், இன்று எந்த ஓடை பொங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு முறை வந்து ஒன்றும் நடக்காவிட்டால் ஐந்தாவது முறை மக்கள் கைப்பேசியைப் பார்ப்பதில்லை. தோட்டத்து முதியவர்களில் பலருக்கு மலாய் பேசத் தெரிந்த அளவுக்குப் படிக்க வராது. நீர்வீழ்ச்சிகளின் வாசலில் தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்க எந்த ஆய்வறிக்கையும் தேவையில்லை. நகராண்மைக் கழக உறுப்பினர் ஒருவர் கேட்டால் போதும். நம்மவர்கள் அந்தப் பதவிகளில் இல்லாமலும் இல்லை.

சமவெளியில் வெயில்

நாட்டில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பம் 40.1 பாகை செல்சியஸ். 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் சூப்பிங்கில் பதிவானது. 2016 ஏப்ரலில் எல் நினோவின் தாக்கத்தில் கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. வடக்கின் கடும் வெயில் ஏப்ரலோடு உச்சம் தாண்டிவிடும் என்பது பொதுவான கணக்கு. அதற்காக ஜூன் மாதம் குளிர்ந்துவிடுவதில்லை. வெப்பமானி 33, 34 என்று காட்டும். ஆனால் காற்றில் ஈரம் கூடியிருப்பதால் வியர்வை காயாது. உடல் குளிர வழி இல்லாமல் போகும். மழை இரண்டு வாரம் இடைவெளி விட்டால் வெயில் மீண்டும் ஏறிக்கொள்ளும்.

வெப்ப எச்சரிக்கைக்கு மூன்று நிலைகள். பகல் வெப்பம் 35 முதல் 37 பாகை வரை தொடர்ந்து மூன்று நாள் இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை மூன்று நாள் இருந்தால் இரண்டாவது. 40-ஐத் தாண்டி மூன்று நாள் நீடித்தால் மூன்றாவது. மூன்று நாள் என்பதுதான் இதில் முக்கியம். ஒரே ஒரு நாள் 38-ஐத் தொட்டுவிட்டு மறுநாள் மழை பெய்தால் எச்சரிக்கை எழாது. ஆனால் வெப்பவாதம் ஒருவரைச் சாய்க்க ஒரு பிற்பகல் போதும். அந்த அளவும் நிழலில், புல் தரைக்கு மேல், காற்றோட்டமான கூண்டுக்குள் வைத்த கருவி காட்டுவது. தகரக் கூரை போட்ட பழைய லயத்து வீட்டுக்குள், தார்ச் சாலையில் நிற்கும் பாதுகாவலரின் கூண்டுக்குள், குப்பை லோரியின் பின்புறத்தில் என்ன வெப்பம் என்பதை அந்தக் கருவி அறியாது.

வெயிலில் வேலை செய்வோரில் நம்மவர்கள் அதிகம். செம்பனைக் குலை வெட்டுவோர், புல் வெட்டுவோர், கட்டுமானத் தளத்தில் நிற்போர், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் இளைஞர்கள் எல்லாரும் இதில் அடக்கம். இவ்வளவு பாகைக்கு மேல் போனால் வேலையை நிறுத்தியே ஆக வேண்டும் என்று மலேசியாவில் சட்டம் இல்லை. 2016-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை வெளியிட்ட வெப்ப அழுத்த வழிகாட்டி இருக்கிறது. அது வழிகாட்டி மட்டுமே. ஆனால் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் ஒன்றைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உடனடி அபாயம் இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவர்மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது. மயக்கம் வரும் நிலையில் 'இன்னும் ரெண்டு நிரை முடிச்சிட்டுப் போ' என்று சொல்லும் மேற்பார்வையாளருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் ஓய்வெடுத்தால் வருமானம் குறையும் என்பதும் உண்மை. உரிமை ஏட்டில் இருப்பதற்கும் அதைப் பயன்படுத்துவதற்கும் இடையில் நிற்பது இந்தக் கூலிக் கணக்குதான். விடியலிலேயே தொடங்கிப் பதினொரு மணிக்கு முன் கடின வேலையை முடிக்கும் பழைய பெரட்டு முறையில் ஒரு விவேகம் இருந்தது. குத்தகைக்காரர்கள் கைக்கு வேலை போன பிறகு அது பல இடங்களில் காணாமல் போய்விட்டது.

மலையில் பெய்தால் பினாங்கில் குழாய்

மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழ் ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டர் நெல் வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. பெடு, மூடா, ஆனிங் அணைகள் உலு மூடா காட்டிலிருந்து நீரைச் சேர்க்கின்றன. ஆனால் வயலுக்குக் கிடைக்கும் நீரில் பெரும்பங்கு நேரே வானத்திலிருந்து விழுவதுதான். அணைநீர் அந்த மழையின் குறையை நிரப்ப மட்டுமே. முதல் போகம் நிற்கும் ஜூன், ஜூலை மாதங்களில் மழை பொய்த்தால் அணைகளைத் திறந்தாக வேண்டும். திறந்தால் அடுத்த ஆண்டின் ஜனவரி, பிப்ரவரிக்கான சேமிப்பு குறையும்.

பினாங்கு மக்கள் குடிக்கும் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த நீருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் வேண்டும் என்று கெடா மந்திரி பெசார் முகமட் சனுசி கேட்டதும், ஆறு இரு மாநில எல்லையிலும் ஓடுவதால் தர முடியாது என்று பினாங்கு மறுத்ததும் பழைய கதை. பணம் யாருக்கு என்ற சண்டை நடக்கும்போது உலு மூடாவில் மரம் வெட்டுவதைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய்விடுகிறது. காடு இருந்தால்தான் மழைநீர் மெதுவாக ஆற்றுக்கு வரும். இல்லையென்றால் மழைக்காலத்தில் சேறாகவும் வெயில் காலத்தில் வெறும் மணலாகவும் ஆறு இருக்கும். 2024 மே மாதம் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளில் நீர் இறங்கி, பினாங்கில் மேக விதைப்பு செய்ய வேண்டி வந்தது. பட்டர்வொர்த் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் வாளியோடு நிற்பவருக்கு அரசியல் எல்லை தெரியாது, குழாய்தான் தெரியும்.

பால்மரமும் செம்பனையும்

பால்வெட்டுக்கு இந்தப் பருவத்தில் வெயிலைவிடத் தொல்லை அதிகாலை மழை. 'சுமத்ரா' என்றே பெயர் பெற்ற புயல் வரிசை இரவில் நீரிணையில் உருவாகி, விடியலுக்கு முன்னும் பின்னும் மேற்குக் கரையைத் தாக்கும். ஓரிரு மணி நேரப் பலத்த காற்று, இடி, மழை, பிறகு வெளுத்துவிடும். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டியிருந்தாலும் பால் வழிந்து மங்குக்கு வெளியே போய்விடும். அன்றைய கூலி அதோடு சரி. ஆகஸ்டில் பசிபிக் கடலில் பெரும் சூறாவளி இருந்தால் அது தென்மேற்குக் காற்றை இன்னும் வேகமாக இழுக்கும். 2019 ஆகஸ்டில் லெக்கிமா சூறாவளி சீனாவை நோக்கிப் போனபோது, இங்கே கெடா, பினாங்கு, பெர்லிஸ் மாநிலங்களில் நூற்றுக்கணக்கான வீடுகளின் கூரைகள் பறந்தன. பழைய லயத்து வீடுகளில் இருப்போர் ஜூன் மாதத்திலேயே கூரையின் ஆணிகளைப் பார்த்து வைப்பது நல்லது.

செம்பனை மெதுவாகப் பழிவாங்கும் மரம். இன்றைய வறட்சி இன்று தெரியாது. நீர் குறைந்தால் மரம் ஆண் பூக்களை அதிகம் விடும், இளம் பூங்குலைகள் கருகும். காய் குறைவது ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்துத்தான். அப்போது மழை நன்றாகவே பெய்துகொண்டிருக்கும். வெட்டுக்காரரின் சம்பளம் ஏன் இறங்கியது என்பது அவருக்கே புரியாது. எல் நினோ என்று செய்தியில் வரும்போது தோட்டத் தொழிலாளர் கணக்கிட வேண்டியது அந்த ஆண்டின் வருமானத்தை அல்ல, அடுத்த ஆண்டின் வருமானத்தை.

கேமரன் மலைக்கு இது ஓரளவு அமைதியான காலம். கனமழை ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும்தான். சமவெளி வெந்துகொண்டிருக்கும்போது அங்கே சராசரி 18 பாகை. அந்தக் குளிரைத் தேடி விடுமுறைக்கு ஏறும் கார்களின் நெரிசல்தான் ஜூன் மாதத்தில் தானா ராத்தாவின் பெரிய வானிலைச் செய்தி.

புகைமூட்டம் வருமா என்பது சுமத்ராவில் எவ்வளவு காய்கிறது, எவ்வளவு எரிகிறது என்பதைப் பொறுத்தது. 2015-லும் 2019-லும் வடக்கும் மூச்சுத் திணறியது. காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்படும், 200-ஐத் தாண்டினால் பள்ளிகள் மூடப்படும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் மருந்தை ஆகஸ்டுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். புகை வந்த பிறகு அரசாங்கக் கிளினிக்கில் வரிசை நீளும்.